நடுவில் நின்ற கை

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது டீச்சரின் வலது கை சும்மா கிடப்பதில்லை. எதிரே விளம்பரப் பலகை ஒன்று இருந்துவிட்டால் போதும், அதிலிருந்து ஓர் ஆங்கிலச் சொல்லைக் கண் பொறுக்கிக்கொள்ளும். உடனே கை எழும்பும். மார்பை நோக்கி உள்ளே வரும், பாதியில் நிற்கும், யோசிக்கும், பிறகு மாட்டேன் என்பதுபோலப் பக்கவாட்டில் ஆடும். ஒரு மாலை இப்படி ஆடியபோது, அங்கே நிற்காமல் போகிற பேருந்து ஒன்று கிறீச்சென்று அவர் முன்னால் வந்து நின்றது. "ஏறுங்கம்மா, சீக்கிரம்" என்றார் ஓட்டுநர். நான் கூப்பிடவில்லை என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. மனிதர் மெனக்கெட்டு நிறுத்தியிருக்கிறார், ஏறாவிட்டால் என்ன நினைப்பார்? ஏறிவிட்டார். அது அவர் வீட்டுப் பக்கமே போகாத பேருந்து. கடைசி நிறுத்தம்வரை போய், அதே பேருந்தில் அதே இருக்கையில் திரும்பி வந்தார். "என்னம்மா, இறங்கவே இல்லையே?" என்று ஓட்டுநர் கேட்டதற்கு, "சும்மா, காத்து வாங்கலாம்னு வந்தேங்க" என்றார்.

பகலில் அவருக்கு வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் முன்வாசல் மேசையில். வருகிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். இடது வலது தெரியாத ஒருவரை வழி சொல்கிற வேலைக்கு எந்தப் புண்ணியவான் பொறுக்கி எடுத்தாரோ தெரியவில்லை. "எக்ஸ்ரேவா? நேராப் போயி இடது பக்கம்" என்று வாய் சொல்லும். கை அழகாக வலது பக்கத்தைக் காட்டும். வாய்க்கும் கைக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் கை ஒருநாளும் தப்பு செய்ததில்லை. எக்ஸ்ரே அறை வலது பக்கம்தான் இருக்கிறது. வாசல் காவலர் இதைக் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. உள்ளே போகிறவர்களிடம் அவரே முன்கூட்டிச் சொல்லி அனுப்பிவிடுவார்: "அந்தம்மா கையை நம்புங்க, வாயை நம்பாதீங்க."

'டீச்சர்' என்பது யாரும் உத்தரவு போட்டுக் கொடுத்த பட்டம் இல்லை. மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில், சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, மாலை நேரத்தில் வகுப்பு நடத்துகிறார். வார்டு துடைப்பவர்கள், படுக்கை விரிப்பு வெளுப்பவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் என்று எல்லாம் வேலை முடிந்து வருகிற கூட்டம். பாதிப் பேர் டீச்சரைவிட வயதில் மூத்தவர்கள். மருத்துவமனை நடத்தும் சொல் தேர்வில் தேறினால், ரெக்கார்டு அறையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும். நோயாளிகளின் கேஸ் தாள்களை நோயின் பெயர் படித்துப் பிரித்து அடுக்க வேண்டும். தேறாவிட்டால் பழைய வாளியும் மாப்பும்தான்.

தேர்வில் கேட்கும் சொல்லெல்லாம் வாயில் நுழையாத மருத்துவச் சொற்கள். அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஈவிரக்கம் இல்லாத வேலையை டீச்சர் செய்வதில்லை. "முன்னாடி ஒட்டியிருக்கிற துண்டைப் பிடிங்க. முக்கால்வாசி லத்தீன்காரன் ஒட்டிட்டுப் போனது. அதுதான் எஞ்சின். அது எந்தப் பக்கம் இழுக்குதோ, பின்னாடி பெட்டி தானா வந்துடும்" என்பார். துண்டுக்கு ஒரு சைகை. 'சப்' வந்தால் ஒரு கைக்குக் கீழே மறு கையைக் கொடுக்க வேண்டும். 'ட்ரான்ஸ்' என்றால் கை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகும். 'எக்ஸ்' என்றால் வெளியே வீச வேண்டும். 'ரீ' என்றால் முஷ்டியைப் பின்னால் திருப்ப வேண்டும். 'கான்' வந்தால் இரண்டு கையும் கோர்த்துக்கொள்ளும். சந்திலிருந்து ஜன்னலைப் பார்க்கிறவர்களுக்கு, உள்ளே ஒரு கூட்டமே கொசு விரட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம், மேலே கைகள். வகுப்பு அப்படித்தான் நடக்கும்.

எல்லாத் துண்டும் சொன்ன பேச்சுக் கேட்டது, ஒன்றைத் தவிர. அதன் பெயர் 'இன்'.

முதல் தொல்லை அதன் உருவம். பக்கத்தில் எந்த எழுத்து வந்து உட்கார்கிறதோ, அதற்குத் தகுந்தாற்போல முகத்தை மாற்றிக்கொள்ளும். ம-வோ ப-வோ வந்தால் 'இம்' ஆகிவிடும். ல வந்தால் 'இல்'. ர வந்தால் 'இர்'. இதற்கு என்ன உதாரணம் சொல்வது என்று டீச்சர் ஒரு மாலை கூரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு முகம் மலர்ந்தது. "எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அவங்க அக்கா பக்கத்துல உக்காந்தா அக்கா பேச்சு. என் பக்கத்துல உக்காந்தா என் பேச்சு. ஆள் என்னவோ ஒருத்தர்தான்." வகுப்பே குலுங்கிச் சிரித்தது. கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்தான் அந்த அக்கா.

டீச்சரின் நாத்தனார் அதே மருத்துவமனையில் பச்சைக் குழந்தைகள் வார்டில் ஆயா. கணவரை இழந்தவர், தனி அறை எடுத்துத் தனியே பொங்கித் தின்கிறவர். வருஷக்கணக்காக ஈரத் தரையில் மண்டியிட்டுத் துடைத்ததில் முழங்கால்கள் இரண்டும் போய்விட்டன. "இனிமே நிக்கற வேலை வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்காருகிற வேலை ரெக்கார்டு அறையில்தான் இருக்கிறது. வயது வரம்பின்படி இந்தத் தடவைதான் கடைசி. தேறாவிட்டால் வேலையை விட்டுத் தம்பி வீட்டுக்குத்தான் வந்து சேர வேண்டும். தம்பி வீடு என்றால் டீச்சர் வீடு. "அங்க ஒரு மூலையில உக்காந்துக்கிட்டு, அவகிட்ட வழி கேட்டு நடக்கிற நிலைமை மட்டும் எனக்கு வரக் கூடாது" என்று அவர் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது சுற்றிச் சுற்றி டீச்சர் காதுக்கும் வந்தது. டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

நாத்தனாருக்கு அவ்வளவு கோபம் ஏன் என்றால், அதற்கொரு கல்யாணக் கதை இருக்கிறது. நாத்தனார் மகள் கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் வரும் வழியில் நின்று மண்டபத்தைக் காட்டும் பொறுப்பு டீச்சருக்கு. அந்தத் தெருவில் இரண்டு மண்டபங்கள். வண்டி ஓட்டிவந்தவர் டீச்சரின் வாயைக் கேட்டார், கையைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாகப் போய் வேறொரு கல்யாணத்தில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டு, மாப்பிள்ளையின் பெரியப்பா மேடையேறிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டார். பெண் முன்பின் தெரியாத பெண்ணாக இருக்கிறதே என்று பிறகுதான் ஒருவருக்கு உறைத்தது. நாத்தனார் மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். நாத்தனார் இன்னும் மறக்கவில்லை. "தம்பி, உன் வீட்டுக்காரிகிட்டச் சொல்லு" என்று, எதிரில் நிற்கிறவருக்கே ஆள்விட்டுத்தான் பேசுவார்.

வகுப்பில் தம்பி இல்லை. நேராகத்தான் பேசியாக வேண்டும். ஏணிபோலச் செங்குத்தான அந்தப் படிகளில் அவர் ஏறிவரும்போது டீச்சர் இரண்டு படி இறங்கிப்போய்க் கையை நீட்டுவார். நாத்தனார் கையைப் பார்க்கக்கூட மாட்டார். "எனக்குச் சுவர் போதும். சுவர் யாரையும் வேற கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகாது" என்று, சுவரைத் தடவித் தடவி ஏறுவார்.

'இன்' கொடுத்த இரண்டாவது தொல்லையைக் கிளப்பியவரும் அவரே. இன்ஜெக்‌ஷன் என்றால் உள்ளே செலுத்துவது. இன்ஹேலர் என்றால் உள்ளே இழுப்பது. இம்ப்ளான்ட், உள்ளே பதிப்பது. சரி, 'இன்' என்றால் உள்ளே என்று எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். அடுத்து வந்தது இன்சோம்னியா. தூக்கம் இல்லை. இன்கியூரபிள், குணமாகாது. இர்ரெகுலர், ஒழுங்காக இல்லை. நாத்தனார் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்போ உள்ள, எப்போ இல்ல? அதைச் சொல்லுங்க டீச்சரம்மா."

"அதுதான் அண்ணி எனக்கும் தெரியல. தேடித் தேடிப் படிச்சேன். ரெண்டும் வேற வேற ஆளாம். பொறந்த வீடே வேறயாம். ஒரே சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்குதுங்க. சட்டையைப் பாத்து ஆளை எப்படிச் சொல்றது? கூட யார் வந்திருக்காங்கன்னு பாத்துத்தான் சொல்லணும்."

வகுப்புக்கு வரும் ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவருக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். "டீச்சர், இன்-னா இல்லைன்னு வெச்சா, இன்பேஷன்ட்னா பேஷன்ட்டே இல்லையா? அப்ப ராத்திரி பகலா நான் யாரைத்தான் ஏத்திக்கிட்டு வர்றேன்?"

"ஐயோ, அது வந்து… அது இங்கிலீஷ்காரன் வீட்டு இன். நம்ம இன் இல்ல."

"அப்ப இன்சுலின்?"

"அதுல இன்னே கிடையாதாம். தீவுன்னு அர்த்தம் வர்ற ஒரு வார்த்தையிலருந்து வந்துச்சாம்."

"தீவா? ஊசி மருந்துல தீவு எங்க வந்துச்சு?"

"எனக்கு என்ன தெரியும்? புத்தகத்துல போட்டிருக்கு."

குட்டை நன்றாகக் குழம்பிய பிறகு 'இன்ஃபன்ட்' வந்தது. பச்சைக் குழந்தை. உள்ளே இருந்து வந்ததால் உள்ளே என்றார் டிரைவர். வெளியே வந்த பிறகுதானே அந்தப் பெயர் என்றார் சலவைப் பிரிவு அம்மா ஒருவர். எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் தன் கையைப் பார்த்தார். அது பாதியில் நின்றது. "நாளைக்குப் பாத்துச் சொல்றேன்" என்றார். மறுநாள் அவருக்கும் மறந்தது, வகுப்புக்கும் மறந்தது.

அதனால் 'இன்'னுக்கு அவர் கொடுத்த சைகையும் குழப்பமான சைகைதான். கை மார்பை நோக்கி வர வேண்டும். பாதியில் நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தில் யோசிக்க வேண்டும். உள்ளே என்றால் கை வந்து மார்பைத் தொடும். இல்லை என்றால் பக்கவாட்டில் ஆடும். தெரியாதவர்கள் கை அந்தரத்திலேயே நிற்கும். "நிக்கட்டும், தப்பில்ல. தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்கு, கை நடுவுல நிக்கறது எவ்வளவோ மேல்" என்பது டீச்சரின் கொள்கை.

இந்தக் கொள்கை தேர்வு அறைக்குப் போனபோது வந்தது வினை. தேர்வு மேற்பார்வையாளர் கழுகுக் கண்ணர். எல்லாரும் தலை குனிந்து எழுதும்போது, மூலையில் நாத்தனாரின் கை மெல்ல எழும்பி மார்பை நோக்கிப் போவதைப் பார்த்தார். நான்கு நாற்காலி முன்னால் ஆம்புலன்ஸ் டிரைவர் கையும் அதே நேரம் அதே மாதிரி போனது. இரண்டும் பாதியில் நின்றன. மேற்பார்வையாளருக்கு உடம்பெல்லாம் புல்லரித்திருக்க வேண்டும். மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டார்: இது ரகசிய சமிக்ஞை, இருவரும் கூட்டுச் சேர்ந்து காப்பி அடிக்கிறார்கள். இரண்டு பேர் தாளையும் பிடுங்கித் தனியே வைத்துவிட்டார். டிரைவர் அடுத்த தடவை எழுதலாம். நாத்தனாருக்கு அடுத்த தடவை கிடையாது.

விசாரணைக்கு நாத்தனாரையும், அந்தச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்தவர் என்ற முறையில் டீச்சரையும் கூப்பிட்டார்கள். கட்டிடங்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர் டீச்சரின் கணவர். எதையும் அளந்து பேசுவார். காலையில் மனைவியை எதிரில் உட்காரவைத்துப் பாடம் சொன்னார். "கேட்டா பழக்கதோஷம்னு சொல்லு. வயசானா கை நடுங்கும்னு சொல்லு. அர்த்தம் கிர்த்தம்னு எதையாவது ஆரம்பிச்சே, அக்கா வாழ்க்கை போச்சு. புரியுதா?" டீச்சருக்கு நன்றாகவே புரிந்தது. வழியெல்லாம் "பழக்கதோஷம், பழக்கதோஷம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

விசாரணை அறை மருத்துவமனையின் மேல்தளத்தில். லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும். டீச்சர் கையை நீட்டினார். நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் அவர் உதட்டைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே டீச்சர் பின்னால் ஏறினார். ஒரு வார்த்தை பேசவும் பயமாக இருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரிக்கும் டாக்டரம்மா. அறுவை முடித்து வந்த களைப்பில், ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்திருந்தார். பக்கத்தில் மேற்பார்வையாளர். இந்தப் பக்கம் நாத்தனாரும் டீச்சரும் அடுத்தடுத்த நாற்காலிகளில்.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் மேடம்" என்று மேற்பார்வையாளர் எழுந்து நின்றார். "இந்தம்மா கை இப்படிப் போகுது. டிரைவர் கையும் அதே மாதிரி போகுது. தற்செயல்னா ரெண்டு கையும் ஒரே இடத்துல எப்படி நிக்கும்?" என்றவர், செய்து காட்டுவதற்காகத் தன் கையை மார்பிலிருந்து வெளியே வீசினார்.

"ஐயோ சார், அது எக்ஸ்" என்றார் டீச்சர். "நீங்க வெளிய வீசறீங்க. இன்-னா உள்ள வரணும். வந்து பாதியில நிக்கணும். இந்தா, இப்படி."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். டீச்சர் கையாலும் கெட்டார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். "முடிஞ்சுது. மறுபடியும் வேற கல்யாணம்" என்று அவர் முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா மேடம், அர்த்தம் இருக்கு" என்றார் மேற்பார்வையாளர்.

டாக்டரம்மா விளக்கம் கேட்டார். டீச்சர் ஆரம்பித்தார், எஞ்சினிலிருந்து. பெட்டி வந்தது, லத்தீன்காரன் வந்தான், கணவர் வந்தார், தீவு வந்தது. தலையும் புரியாமல் வாலும் புரியாமல் டாக்டரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். "ஆக, இது காப்பி அடிக்கறது இல்லைங்கறீங்க?" என்றார் கடைசியில்.

"இல்ல மேடம்" என்ற டீச்சர் நிறுத்தினார். முகத்தில் குழப்பம் பரவியது. "ஆனா… ஒருத்தர் கை போறதை இன்னொருத்தர் பாத்தா, விடை தெரிஞ்சுடும்தானே? நான் அதை யோசிக்கவே இல்லையே. அப்ப இது காப்பிதானோ? எனக்கே இப்பத் தெரியல மேடம்."

கெட்டது குடி. அந்த நிமிஷத்தில் நாற்காலியோடு பூமிக்குள் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது டீச்சருக்கு. டாக்டரம்மா நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"நீங்க டிரைவர் கையைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் நாத்தனார் பளிச்சென்று. "பொய் எதுக்கு? கண்ணு முன்னாடி ஒரு கை தூக்கினா யாரும் பாக்கத்தான் செய்வாங்க. ஆனா அவன் கையும் நடுவுலதான் நின்னுச்சு. அவனுக்கே தெரியல, அவன் எனக்கு என்னத்தைச் சொல்லுவான்?"

டாக்டரம்மாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. தேநீரை ஓரமாக வைத்தார். "சரி, இங்கேயே கேக்கறேன். சொல்லிட்டீங்கன்னா, இதுதான் உங்க தேர்வு. சொல்லலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரு நிபந்தனை மேடம்" என்றார் மேற்பார்வையாளர். "எல்லார் கையும் மேசை மேல இருக்கணும். ஆடக் கூடாது. அந்த டீச்சரம்மா கையும் சேத்துத்தான். அது ஆடினா காப்பி." டாக்டரம்மா யோசித்துத் தலையசைத்தார்.

நான்கு கைகள் மேசைமேல் வரிசையாக வந்து அமர்ந்தன. ஃபினாயிலில் வெளுத்து வெடித்த இரண்டு, அவற்றுக்குப் பக்கத்தில் ஓயாமல் ஆடிப் பழகிய இரண்டு. டீச்சர் தன் கைகளைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினார்: இன்னிக்கு ஒரு நாள், என் அம்மா இல்ல, சும்மா கிட.

"சப்க்யூட்டேனியஸ்" என்றார் டாக்டரம்மா.

கையில்லாமல் சொல்லை எங்கே தேடுவது என்றே நாத்தனாருக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல விழித்தார். பிறகு மெல்ல மெல்ல அவர் தாடை கீழே இறங்கியது. "கீழ… தோலுக்குக் கீழ."

"தாடை ஆடுது மேடம்."

"தாடையைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே. அடுத்தது, ட்ரான்ஸ்ஃப்யூஷன்."

நாத்தனாரின் கருவிழிகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயின. "ஒருத்தர் ரத்தத்தை இன்னொருத்தருக்கு ஏத்தறது." இன்ஹேலர் என்றதும் மூச்சை இழுத்து, "உள்ள" என்றார். இம்மொபைல் என்றதும் சற்று விழித்து, "அசையாது. ம வந்து பக்கத்துல உக்காந்ததால இன், இம்மு ஆயிடுச்சு. எங்க தம்பி மாதிரி" என்றார். டாக்டரம்மாவுக்கு அந்தத் தம்பி ஏற்கெனவே அறிமுகம் ஆகியிருந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"இன்ஃபன்ட். இதுல இன், உள்ளயா இல்லையா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று டீச்சர் விட்ட சொல். நாளையும் போய் மாதமும் போன சொல். அவருக்கே தெரியாது. தெரியாது என்பது கைக்குத் தெரிய வேண்டுமே! வலது கை பழக்கதோஷத்தில் விரல் விரலாக மேசையை விட்டு எழும்பத் தொடங்கியது. மேற்பார்வையாளர் நாற்காலியில் முன்னால் சரிந்தார். டீச்சர் கையை இறக்கப் பார்த்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பட்டென்று ஒரு சத்தம். நாத்தனாரின் இடது கை டீச்சரின் வலது கைமேல் விழுந்து, அதை மேசையோடு மேசையாக அழுத்தியது.

"கை ஆடிடுச்சு மேடம்!" என்றார் மேற்பார்வையாளர்.

"ஆடின கையை நிறுத்தத்தான் அது ஆடிச்சு" என்றார் டாக்டரம்மா. "உக்காருங்க. நீங்க சொல்லுங்கம்மா."

"நீ சும்மா இரு" என்றார் நாத்தனார் டீச்சரிடம். ஆள்விடாமல், திரும்பிப் பார்த்து, நேராகவே சொன்னார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். "உள்ள இல்லைங்க. அதுங்க எல்லாம் வெளிய வந்துதான் என் வார்டுல கிடக்குதுங்க. அதனால இல்லைதான். என்ன இல்லைன்னு கேட்டா… பல்லு இல்ல, பேச்சு இல்ல. ரெண்டுல எதுவோ ஒண்ணு இல்ல."

"பேச்சு" என்றார் டாக்டரம்மா. "பேச்சு வராததுன்னு அர்த்தம். 'இல்லை'ன்னு சொன்னீங்களே, அதுவே போதும். நீங்க தேறிட்டீங்க. டிரைவரை அடுத்த தடவை கையைக் கட்டிக்கிட்டு எழுதச் சொல்லுங்க." தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து போனார். மேற்பார்வையாளர் எதையோ சொல்ல வாயெடுத்து, கையை மட்டும் தூக்கி, அது எதற்குத் தூக்கியது என்று தெரியாமல் இறக்கிவிட்டார்.

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் வலது கை வரவில்லை. அது இன்னும் அந்த வெடித்த கைக்கு அடியிலேயே இருந்தது.

"அண்ணி… என் கை."

"தெரியுது. நட."

கையை விடாமலே நாத்தனார் எழுந்தார். படிகளில் இறங்கும்போது சுவர் ஒரு பக்கம் தன்பாட்டுக்கு நின்றது, அவர் தொடவில்லை. ஒவ்வொரு படிக்கும் டீச்சரின் கைமேல் பாரம் ஏறி ஏறி இறங்கியது. கீழே வந்ததும் நடைவழி இரண்டாகப் பிரிந்தது. அந்தக் கட்டிடத்தில் நாத்தனார் துடைக்காத மூலை கிடையாது. வாசல் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அங்கே நின்று, டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசலுக்கு எந்தப் பக்கம் போகணும்?"

"இடது பக்கம் அண்ணி" என்றார் டீச்சர். கை அவரை வலது பக்கம் இழுத்தது.

நாத்தனார் வலது பக்கம் திரும்பினார்.